கீழே வராத பந்து

கணிதம் படிப்பிக்க நியமனம் பெற்று வந்திருக்கும் உங்களுக்கு வணக்கம்.

மேலே எறிந்த பந்து எட்டும் உச்ச உயரத்தை இருபடிச் சமன்பாடு கொண்டு எப்படிக் காண்பது என்று ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டும்படிதான் என்னைக் கேட்டிருந்தார்கள். அதற்கு நான் தேவையில்லை. நிறைவர்க்கமாக்கத் தெரிந்த எவரும் பத்து நிமிடத்தில் அதைச் செய்து காட்டலாம். முப்பத்தொரு வருடம் படிப்பித்தவள் என்ற முறையில், அந்தப் பாடத்தில் நான் விட்ட பிழையைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். வாயால் சொல்லப் போனால் நடுவில் கதையை எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேனோ என்ற பயத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கிளிநொச்சியில், உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதி நடந்தது. இருபது கட்டில்கள். வன்னியின் மூன்று மாவட்டங்களிலும், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத பிள்ளைகள், சாதாரணதரம் எழுதிய கையோடு அந்த விடுதிக்கு ஒரு தெரிவுப் பரீட்சை எழுதுவார்கள். கட்டில் கிடைத்தால் கணிதம் படிக்கலாம். கிடைக்காவிட்டால் ஊரில் இருக்கிற கலைப்பிரிவுதான். பதினாறு வயதுப் பிள்ளைக்கு மூன்று மணித்தியாலத்தில் தீர்ந்துவிடுகிற விடயம் அது.

அந்த வருடம் வினாத்தாள் தயாரித்தவர்கள் மூன்று பேர். குழுத் தலைவராக இருந்த ஒரு மூத்த ஆசிரியர், நான், கணினியில் தட்டச்சுச் செய்து தந்த ஓர் இளம் ஆசிரியர். மொத்தம் பத்துக் கேள்விகள். ஏழாவது என்னுடையது. இருபத்தைந்து மீற்றர் உயரமான தண்ணீர்த் தாங்கியின் உச்சியில் நின்று ஒரு பந்து நேரே மேல்நோக்கி எறியப்படுகிறது. t செக்கனில் நிலத்திலிருந்து அதன் உயரம் 25 + 20t − 5t². பந்து எட்டும் உச்ச உயரம் என்ன, அதை எட்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது கேள்வி. இரண்டு செக்கனில் நாற்பத்தைந்து மீற்றர். சுத்தமான விடை வருகிற கேள்வி.

தட்டச்சாகி வந்த தாளை நான் நான்கு முறை வாசித்தேன். நான்கு பேர் ஆளுக்கொரு முறை வாசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்கு முறையும் நானே. என் மனதில் இருந்த கேள்வியைத்தான் என் கண் வாசித்தது. அச்சுக்குக் கொடுக்கும் முன், கேள்வி எழுதாத ஒருவர் பேனை பிடித்து முழுத்தாளையும் செய்து பார்க்க வேண்டும் என்பது தலைவரின் விதி. அன்று வெள்ளிக்கிழமை, அச்சகம் பூட்டப்போகிற நேரம். என் பகுதியை நான் செய்து பார்த்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். செய்து பார்த்திருந்தேன்தான், என் கையெழுத்துப் பிரதியை வைத்து.

பரீட்சை அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, மூன்று நிலையங்களில் நடந்தது. தலைவர் கிளிநொச்சியில் நின்றார். வவுனியாவில் வேறொருவர். முல்லைத்தீவு நிலையம் என் பொறுப்பில் இருந்தது. முதல் ஒரு மணித்தியாலம் எந்தக் குறையும் இல்லை. பத்தே காலுக்கு, வழமைபோல மேசைகளுக்கிடையில் ஒரு சுற்று நடந்தேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை. நுழைவு அட்டையில் நிரோஜினி, நாயாறு என்றிருந்தது. அவளுடைய தாளில் ஒரே கணக்கு மூன்று முறை செய்து மூன்று முறையும் குறுக்கே கோடு கீறியிருந்தது. கடைசிக் கோட்டுக்குக் கீழே t = −2 என்று எழுதி வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

அவள் எங்கேயோ கூட்டல் கழித்தல் அடையாளத்தை மாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் கடந்து போனேன். இரண்டு மேசை தாண்டியபின் என் கால் நின்றுவிட்டது. அலுவலக அறைக்குப் போய் மிச்சமிருந்த வினாத்தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். 25 + 20t + 5t². ஐந்துக்கு முன்னால் கூட்டல் அடையாளம். கைப்பையில் இருந்த என் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதில் கழித்தல்.

உங்களுக்கு விளங்கும். அந்த ஓர் அடையாளம் மாறினால் பந்துக்கு உச்ச உயரமே கிடையாது. நேரம் போகப் போக அது மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். உயர்வுப் பெறுமானம் கேட்ட கேள்விக்கு இழிவுப் பெறுமானம் வரும், அதுவும் பந்தை எறிவதற்கு இரண்டு செக்கனுக்கு முன்னால். அந்தப் பிள்ளை கண்டுபிடித்திருந்தது மிகச் சரியான விடை.

 கதவைச் சாத்திவிட்டுத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. வவுனியாவுக்கு எடுத்துப் பார்க்கிறேன் என்றார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப எடுத்தார். அங்கே பொறுப்பில் இருந்தவர் விதிப்படி கைத்தொலைபேசியை அணைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

“இப்ப உங்கட மண்டபத்திலயும் என்ர மண்டபத்திலயும் சொன்னா, வவுனியாப் பிள்ளையளுக்கு அநியாயம்,” என்றார். “பேசாம இருங்கோ, ரீச்சர். திருத்தேக்க ஏழாவதை எடுத்துவிடுவம். எல்லாருக்கும் சமனாப் போயிடும்.”

அதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அவர் சொன்னது முழுப்பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அது ஏன் உடனே பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் பிழைவிட்டது யார் என்று மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவராது. நான் ஓம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

அதன்பிறகு போன நேரம் மாதிரி ஒரு நேரத்தை நான் என் வேலையில் கண்டதில்லை. மண்டப வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். மற்றப் பிள்ளைகள் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழாவதில் ஏதோ ஒரு விடையை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தார்கள். நிரோஜினி மட்டும் புரட்டவில்லை. அடுத்த கேள்விக்குப் போ பிள்ளை என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அது கேட்குமா. கையிலிருந்த வினாத்தாளை நான் மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

பதினொன்றுக்குச் சற்று முன் அவள் கையைத் தூக்கினாள்.

நோக்குநராக மண்டபத்தைக் கண்காணித்து நின்ற வேறோர் ஆசிரியை அசைவதற்கு முன் நானே போனேன். வேறு யாரும் போவது எனக்குப் பயமாக இருந்தது. அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், மெல்லிய குரலில் கேட்டாள்.

“ரீச்சர், ஏழாவது கேள்வி சரிதானே?”

எத்தனை பரீட்சை மண்டபங்களில் எத்தனை பிள்ளைகள் இதைக் கேட்டிருப்பார்கள். அதற்கு நாங்கள் எல்லோரும் சொல்கிற ஒரு பதில் இருக்கிறது. அது நாக்கில் தயாராகவே இருந்தது.

“கேள்வியை வடிவா வாசிச்சுச் செய்யும் பிள்ளை.”

அவள் தலையாட்டினாள். அழிறப்பரை எடுத்து, வட்டமிட்டிருந்த அந்த −2 ஐ அழிக்கத் தொடங்கினாள். நான் திரும்பி நடந்தேன்.

பொய் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அன்று பின்னேரம் பேருந்தில் வரும்போது நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

விடைத்தாள் திருத்தல் திங்கள் தொடங்கியது. ஏழாவதை எல்லோருக்கும் நீக்கிவிட்டு ஒன்பது கேள்விகளுக்குப் புள்ளி போட்டோம். புள்ளி இல்லாவிட்டாலும் ஏழாவதை நான் ஒவ்வொரு தாளிலும் வாசித்தேன். பெரும்பாலான பிள்ளைகள் உச்ச உயரம் ஐந்து மீற்றர் என்று எழுதியிருந்தார்கள். இருபத்தைந்து மீற்றர் உயரத்தில் நின்று மேலே எறிந்த பந்துக்கு ஐந்து மீற்றர் உச்சம் வருமா என்று அவர்களில் ஒருவரும் நிற்கவில்லை. சிலர் கழித்தல் இரண்டை இரண்டாக்கி எண்பத்தைந்து மீற்றர் என்று எழுதியிருந்தார்கள். அவர்களைப் பழக்கியவர்கள் நாங்கள்தான். விடை வந்தால் போதும், வந்த விடையைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்று பழக்கியிருக்கிறோம்.

ஒரு தாளில் மட்டும் அதே கணக்கு ஏழு முறை செய்யப்பட்டிருந்தது. கீழே நான்கு வரி எழுதியிருந்தது. “t = −2 என்றால் பந்தை எறிய முன்னர். எறிந்த பின்னர் நேரம் கூடக் கூட உயரமும் கூடுகிறது. இந்தப் பந்து கீழே வராது. எனக்கு எங்கே பிழை என்று தெரியவில்லை.”

எட்டாவது கேள்வியை அவசரமாகப் பாதி செய்திருந்தாள். ஒன்பதும் பத்தும் வெறுமை. ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரு புள்ளியும் குறையவில்லை.

எல்லோருக்கும் சமனாகப் போகும் என்று நினைத்த எங்கள் தீர்வு இப்படித்தான் வேலை செய்தது. கேள்வியை எடுத்துவிட்டோம். அதில் போன ஒன்றரை மணித்தியாலத்தை எடுத்துக் கொடுக்க எங்களிடம் வழியில்லை. யோசியாமல் எழுதிய பிள்ளைக்கு அதில் ஐந்து நிமிடம் போனது. யோசித்த பிள்ளைக்குப் பரீட்சையே போனது. நிரோஜினி இருபத்துமூன்றாவதாக வந்தாள்.

அந்த இடத்தில் நான் எழும்பிப் பேசியிருக்க வேண்டும். பட்டியல் ஒட்டும்வரை பேசவில்லை. பேசினால் கேள்வி பிழை என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது, பத்தே காலிலிருந்து எனக்குத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டிவரும். அவள் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொல்ல வேண்டிவரும்.  வகுப்பில் கரும்பலகையில் கூட்டல் அடையாளம் போடும்போதெல்லாம் கை நின்று நின்று போனது. வெள்ளிக்கிழமை இருபது பெயர்களின் பட்டியல் விடுதி வாசலில் ஒட்டப்பட்டது. திங்கட்கிழமை காலை நான் ஒரு கடிதம் எழுதித் தலைவரிடம் கொண்டுபோனேன். நடந்தது முழுவதும் அதில் இருந்தது.

அவர் நின்றபடியே வாசித்தார். பட்டியல் ஒட்டின பிறகு இதைத் தந்தால் என்ன நடக்கும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஒரு பிள்ளைக்காக இருபது பிள்ளைகளையும் திரும்ப எழுதச் சொல்வதா என்றார்.  நிரோஜினியின் தாளில் அந்த நான்கு வரியைக் காட்டினேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்தார். பிறகு என் பேனையை வாங்கி, கடிதத்தின் அடியில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் போட்டார்.

“தனியப் போடாதேங்கோ. நானும் தெரிஞ்சுகொண்டுதானே இருந்தனான்.”

இத்தனை வருட வேலையில் நான் பெரியவர்கள் என்று மதித்தவர்களின் வரிசையில் அவருக்கு முதலிடம் கொடுப்பது அந்தக் கையெழுத்துக்காக.

விடுதியை நடத்தியவர்கள் பட்டியலை நீக்கி, எல்லோருக்கும் மீண்டும் ஒரு பரீட்சை என்று முடிவெடுத்தார்கள். இரண்டு கிழமை தவணை. எல்லா வீடுகளுக்கும் தொலைபேசியில் சொன்னோம். நிரோஜினி தந்திருந்த இலக்கத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. மூன்று நாள் முயன்றேன். நான்காம் நாள் விடுமுறை போட்டுவிட்டு முல்லைத்தீவுக்குப் பேருந்து எடுத்து, அங்கிருந்து ஓட்டோவில் நாயாற்றுக்குப் போனேன்.

வழிநெடுக, அவள் என்னை அடையாளம் காணக்கூடாது என்றும் காண வேண்டும் என்றும் மாறி மாறி நினைத்துக்கொண்டு போனேன்.

கரையோர மீன்பிடி வாடி ஒன்றில் தாயும் மகளும் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் கடலுக்குப் போயிருந்தார், கைத்தொலைபேசியும் அவரோடு போயிருந்தது. நான் யார் என்று சொன்னதும் தாய் கையைக் கழுவிக்கொண்டு வந்து கதிரை போட்டா.

“அவள் பள்ளிக்கூடத்தில கலைக்குப் பேர் குடுத்திட்டாள், ரீச்சர்,” என்றா. “சோதினைக்குப் போய் வந்த கிழமையில இருந்து கணக்குக் கொப்பியைத் தொடேல்ல. தனக்கு அதுக்கு மூளை காணாதாம். நாங்கள் என்னத்தைச் சொல்ல, எங்களுக்கும் தெரியாதுதானே.”

நிரோஜினி மீனைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. நான் எழுந்து அவளுக்குப் பக்கத்தில் போனேன். ஏழாவது கேள்வி பிழை என்றேன். தட்டச்சில் அடையாளம் மாறிவிட்டது, கேள்வி எழுதியது நான், நீர் கண்டது எல்லாம் சரி, அந்தப் பந்து கீழே வராதுதான் என்றேன். புதிய பரீட்சைத் திகதியையும் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் சந்தோசம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை.

“உங்களுக்கு எப்ப தெரியும், ரீச்சர்?”

நான் உள்ளதைச் சொன்னேன்.

“நீர் கையைத் தூக்க முன்னமே தெரியும்.”

தாய் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தா. நிரோஜினி கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

“அப்ப ஏன் சொல்லேல்ல?”

மூன்று நிலையங்கள், வவுனியா, சமநிலை, தலைவரின் விதி எல்லாம் என்னிடம் இருந்தன. அந்த வெயிலில் அந்தப் பிள்ளைக்கு முன்னால் அவற்றில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

“பயந்திட்டன் பிள்ளை.”

அவள் மீனைத் திரும்பக் கையில் எடுத்தாள். பிறகு, வீட்டுக்கு வந்தும் மூன்று நாள் அந்தக் கணக்கைச் செய்து பார்த்ததாகவும், நாலாம் நாள்தான் கொப்பிகளைக் கட்டி வைத்ததாகவும், எனக்கென்று இல்லாமல் பொதுவாகச் சொன்னாள். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. தாய் தந்த தேநீரைக் குடித்துவிட்டு நான் திரும்பினேன்.

இரண்டாம் பரீட்சையின் தாளை வேறு மூன்று பேர் தயாரித்தார்கள். எட்டரை மணியிலிருந்து நான் முல்லைத்தீவு நிலையத்தின் படலையடியில் நின்றேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் தகப்பனோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு வணக்கம் சொன்னாள், அவ்வளவுதான். நான்காவதாக வந்தாள். இன்றைக்குப் பொறியியல் பீடத்தில் இறுதி வருடம்.

இதோடு நிறுத்தினால் பிழையை ஒப்புக்கொண்டு எல்லாவற்றையும் சரிசெய்த ஒருத்தியின் கதையாகிவிடும். நான் எழுதிக்கொண்டு வந்ததே இதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான்.

கட்டில்கள் இருபதுதான். முதல் பட்டியலில் பதினெட்டாவதாக இருந்த கீர்த்தனா என்ற பிள்ளை இரண்டாம் பட்டியலில் இருபத்திரண்டாவதாகப் போனாள். ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிற குடும்பம். பிள்ளையின் பெயர் வந்த சந்தோசத்தில் விடுதிக்குக் கொண்டுபோகப் பெட்டியும் படுக்கை விரிப்பும் வாங்கிவிட்டார்கள். அவளுடைய தாய் ஒரு புதன்கிழமை இடைவேளையில் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தா. சண்டை பிடிக்க வரவில்லை. கைத்தொலைபேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டினா. விடுதி வாசல் பட்டியலுக்குப் பக்கத்தில், தன் பெயரில் விரலை வைத்துக்கொண்டு கீர்த்தனா சிரித்துக்கொண்டு நின்றாள்.

“இதை நாங்கள் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பிப்போட்டம், ரீச்சர். இப்ப கேக்கிற ஆக்களுக்கு என்ன சொல்லுறது?”

பிழை என்னுடையது என்று சொல்லுங்கள் என்றேன். அவ கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்தா.

“சொல்லலாம். ஆனா பிள்ளை சோதினையில விழுந்திட்டாள் எண்டுதான் அவையள் நினைப்பினம்.”

மண்டபத்திலேயே நான் வாய் திறந்திருந்தால் கீர்த்தனாவுக்கு இது நடந்திராது. நிரோஜினியின் தாளைக் கண்ட அன்றைக்கே பேசியிருந்தாலும் பட்டியல் ஒட்டப்பட்டிராது, அந்தப் படமும் எடுக்கப்பட்டிராது. நான் பயந்து தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அந்த வீட்டின் தலையில் போய் விழுந்தது. இன்னொரு கட்டில் போடலாமா என்று விடுதியில் கெஞ்சிப் பார்த்தேன். ஒருவருக்குப் போட்டால் இருபத்தோராவது பிள்ளை என்ன சொல்லும் என்று கேட்டார்கள். அதுவும் சரிதான்.

பிறகு இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் ஸ்கந்தபுரம் போய்க் கீர்த்தனாவுக்கு இணைந்த கணிதம் படிப்பித்தேன். எறிந்த பொருளின் பாதையைப் படிக்கும் எறியங்கள் அலகு வந்தபோது அவளுக்கு அது நன்றாக ஓடியது, நான்தான் ஒவ்வோர் அடையாளத்தையும் இரண்டு தரம் பார்த்தேன். பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை, கொப்பி வாங்கிப் பார்த்து எழுதிப் படித்தாள். கணிதத்தில் நல்ல சித்தி எடுத்தாள். மற்ற இரண்டிலும் சாதாரண சித்தி. பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. இப்போது வவுனியாவில் ஒரு கடையில் கணினி வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

நாளைக்கு நீங்கள் வினாத்தாள் எழுதுவீர்கள். நீங்கள் எழுதியதை நீங்களே சரிபார்க்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேனையைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். மண்டபத்தில் ஒரு பிள்ளை கேள்வி சரியா என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அந்தக் கேள்வியை அந்த இடத்திலேயே ஒருமுறை செய்து பாருங்கள். பிழை என்று கண்டால் அந்த நிமிடமே மண்டபத்துக்குச் சொல்லுங்கள். மற்ற நிலையத்துக்கு எப்படிச் சொல்வது என்று பிறகு ஓடித் திரியலாம். அந்த ஓட்டத்தில் உங்களுக்கு மானம் போகும், ஆனால் பிழை பிள்ளைகளின் வீட்டுப் படலை வரைக்கும் போகாது.

கிளிநொச்சிச் சந்தையில் கீர்த்தனாவின் தாயை இப்போதும் இடைக்கிடை காண்பேன். என்னைக் கண்டால் நின்று கதைப்பா. என் பிரஷர் எப்படி இருக்கிறது என்று கேட்பா, இந்தப் போகம் வெள்ளாமை எப்படி என்று சொல்லுவா. மகளைப் பற்றி மட்டும் கதைக்கமாட்டா. நானும் கேட்பதில்லை.